பார்த்தால் நிற்பார்களா, வருவார்களா?

நாங்கள் வசிக்கும் ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெங்கும் நடைபாதையின் விளிம்பில் மஞ்சள் பாதங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜோடி ஜோடியாக, ஆறு வயதுக் குழந்தையின் காலளவில், விரல்கள் சாலையைப் பார்த்தபடி இருக்கும். தெற்கு ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில் அவற்றைக் கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் போடும் பாதங்கள் என்றே என் மனம் எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பாதங்கள் வாசலில் தொடங்கி வீட்டுக்குள் நடந்து போகும். இவை எங்கும் போவதில்லை, சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும். சாலையைக் கடக்க வேண்டிய குழந்தை இந்தப் பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்து நிற்க வேண்டும், வேறெங்கும் நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் நின்று பார்த்தேன். என் ஷூவுக்கு அடியில் இரண்டு பாதங்களும் காணாமல் போயின.

என் மகள் கயல் பள்ளியில் சேருவதற்கு முந்தைய வசந்தத்தில், அவளுடைய கிண்டர்கார்டனுக்கு ஒரு பெண் காவலர் வந்தார். ஃப்ரௌ ஹோல்ட்ஸ் என்று பெயர், ஃப்ரௌ என்றால் திருமதி. ஒரு வாரம் குழந்தைகளைத் தெருவுக்கு அழைத்துப் போய்ப் பலகைகளைக் காட்டி, கோடுகளைக் காட்டி, கடக்கச் சொல்லிக்கொடுத்தார். பாடத்தின் மையம் ஒரே விஷயம்தான்: ஓட்டுநரின் கண்ணைப் பார், அவர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று உறுதியானதும் நடக்கலாம். வாரக் கடைசியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நான் எழுந்து, என் ஜெர்மன் மொழியைக் கூட்டி நிறுத்தி, அவர் பார்த்தும் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ஃப்ரௌ ஹோல்ட்ஸ் என்மீது இரக்கப்பட்டு, அப்படி நடந்தால் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு தொலைபேசியில் சொல்லுங்கள் என்றார். குறித்துக்கொள்வதற்காக நீல நிறத்தில் ஒரு பேனாவும் கொடுத்தார். நான் கேட்டது புகாரைப் பற்றி அல்ல, குழந்தையைப் பற்றி. அதை எடுத்துச்சொல்லும் அளவுக்கு என்னிடம் மொழி இல்லை. பேனாவோடு வீட்டுக்கு வந்தேன்.

கயலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவளுடைய பெயரும் முத்திரையும் போட்டு, 'நடைபயணி' என்று எழுதிய தாள். அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். அடுத்து பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: இரண்டாவது வாரம் முடிந்ததும் பெற்றோர் கூட வர வேண்டாம், பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வரட்டும். மற்ற பெற்றோர் அதைப் பெருமையோடு படித்தார்கள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மூன்றாவது வாரம் முழுக்க முப்பதடி பின்னால், லிண்டன் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு, பூனை தொலைந்துவிட்டதா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஆமாம் என்றேன். அவர் நல்ல மனிதர். கால் மணி நேரம் நாங்கள் இருவரும் இல்லாத பூனையைப் புதர் புதராகத் தேடினோம்.

நான் இப்படிப்பட்டவனாக ஆனதற்குச் சிந்தாதிரிப்பேட்டைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். அங்கேதான் வளர்ந்தேன். என் அப்பா ஒருநாளும் என் கையைப் பிடித்ததில்லை, மணிக்கட்டைத்தான் பிடிப்பார். விரல் வேர்த்தால் வழுக்கிவிடும், மணிக்கட்டு எங்கே போகும் என்பார். பல்லவன் பஸ்ஸும் மீன்பாடி வண்டியும் சைக்கிளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் தெருவில், என்னை ஒரு பை மாதிரி இடதுகையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலதுகையை வண்டிகளுக்குக் குறுக்கே நீட்டுவார். பந்தியில் பரிமாற வருகிறவரிடம் இலைக்கு மேலே கையை நீட்டிப் போதும் என்போமே, அதே கை. வண்டிகளும் சாம்பார் வாளி மாதிரி ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் நாங்கள் அக்கரை சேர்ந்திருப்போம். சாலைக் குறியீடுகள் என்று மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படங்களை உண்மையான கம்பத்தில் வரிசையாகப் பார்த்தது, இருபத்தெட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோதுதான். பழைய வகுப்புத் தோழர்களைப் பார்த்ததுபோல் இருந்தது.

சென்ற ஆண்டு ஜூனில், என் மனைவி மாலதியின் அலுவலகம் அவளைப் பத்து மாத வேலைக்குச் சென்னைக்கு அனுப்பியது. மூவரும் கிளம்பிப் போனோம். அபிராமபுரத்தில் முதல் மாடியில் வீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் மயிலாப்பூர்ப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஆர்.கே. மடம் சாலை. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் என்பதால் கயலைப் பள்ளிக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. முதல் வாரத்திலேயே நான் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஜெர்மனியில் வண்டி முதலில் இடப்பக்கமிருந்து வரும், இங்கே வலப்பக்கமிருந்து வரும், எனவே முதலில் வலது பக்கம் பார் என்று அவளுக்குச் சொல்லி, காலியான எங்கள் தெருவில் பத்து முறை பழக்கினேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். மாற்ற வேண்டியது அது ஒன்றுதான் என்று நம்பினேன்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாதி அழிந்த வெள்ளைக் கோடுகளின் முன்னால் நின்றோம். கயல் சீருடைக்கு மேலே, ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்காக மாட்டும் ஒளிரும் ஆரஞ்சு முக்கோணத்தை மாட்டியிருந்தாள். தரையில் மஞ்சள் பாதங்களைத் தேடினாள், இல்லை என்றதும் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நின்றாள். அவளுடைய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதற்காக நான் கையை விட்டேன். வலது பக்கமிருந்து ஒரு மொபெட் வந்தது, இரு பக்கமும் பின்னாலும் குடிநீர் கேன்களைக் கட்டிக்கொண்டு. கயல் ஓட்டியவரின் கண்ணைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்து ஒருமுறை ஹாரன் அடித்தார். அவள் காலை எடுத்து வைத்தாள்.

பிரேக் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. மொபெட் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கயிறு அறுந்து கேன்கள் உருண்டன. ஒன்று வெடித்து, தண்ணீர் வெள்ளைக் கோடுகளின் மேல் பரவி அவள் ஷூவை நனைத்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான் அங்கே எப்படிப் போனேன், அவளை எப்போது தூக்கினேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை. கேன்காரர் என் வயதுக்காரர். வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“இன்னா சார் இது? கொயந்த என்னிய நல்லா பாத்துச்சி சார். பாத்துட்ச்சே, நின்னுக்கும்னுதான நான் வந்தேன்?”

கயல் என் தோளிலிருந்தபடியே சொன்னாள்: “அப்பா, அவர் என்னைப் பாத்தார். நல்லாப் பாத்தார். அப்புறம் ஏன் வந்தார்?”

இரண்டு பேரும் ஒரே பார்வையைப் பற்றித்தான் புகார் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்னது சரி. ஃப்ரௌ ஹோல்ட்ஸின் ஊரில், நான் உன்னைப் பார்த்துவிட்டேன் என்றால் நான் நிற்கிறேன் என்று பொருள். சென்னையில், நீ என்னைப் பார்த்துவிட்டாய் என்றால் இனி நிற்க வேண்டியது நீ. அதனால்தான் விவரம் தெரிந்த நம் ஆட்கள் கடக்கும்போது வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, எதிர்ப் பக்கத்து டீக்கடையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் நடந்தார். இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சாலைகளில் நடந்த எனக்கு இது தெரியும், ஆனால் தெரியும் என்பது தெரியாமல் போய்விட்டது. இடது வலதை மட்டும் மாற்றிக்கொடுத்துவிட்டு, கண்ணை மாற்றாமல் விட்டுவிட்டேன். கேன்காரரிடம் இதை விளக்க முயன்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த ஊரில் அப்படி நிற்கிறார்கள் என்று கேட்டார். சொன்னதும், அங்கே தண்ணி கேன் போடுகிறவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவான் என்றார். வெடிக்காமல் மிஞ்சிய நான்கு கேன்களையும் ஆளுக்கு இரண்டாகப் பொறுக்கிக் கட்டினோம். அவர் பெயர் குமார்.

அன்று முதல் நான் என் அப்பாவாக மாறிப்போனேன். வீட்டு வாசல் தாண்டியதும் கயலின் மணிக்கட்டு என் கைக்குள் வந்துவிடும். பிறகு அதுவும் போதாமல் ஆட்டோ பிடித்தேன். நடந்தால் பத்து நிமிடம், ஆட்டோவில் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போனால் இருபது நிமிடம். கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்கார மாமி நான்காம் நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்: “இங்கேருக்கற ஸ்கூலுக்கு ஆட்டோவா? ஏன், கொழந்தைக்குக் கால்ல ஏதாவது ஆயிடுத்தா?” ஆட்டோவுக்குள்ளும் நான் மணிக்கட்டை விடவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். “இன்னா சார், கோர்ட்டுக்கு இட்டுக்கினு போற மாரி புட்ச்சிகினு வர. எங்க ஓடப்போவுது கொயந்த?” என்றார். நான் சிரித்தேன். கயல் சிரிக்கவில்லை.

ஒரு மாலை அவள் அறையில் சுவர் வெறுமையாக இருந்தது. சான்றிதழைச் சென்னைக்கும் கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். அது என் மேசைமேல், மடிக்கணினிக்கு மேலே கிடந்தது. இதை ஃப்ரௌ ஹோல்ட்ஸுக்கு அனுப்பிவிடு, நான் இப்போது நடப்பதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாலதி விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டாள். ஏப்ரலில் திரும்பிப் போனதும் கயல் அங்கே தனியாகத்தான் பள்ளிக்கு நடக்க வேண்டும். பத்து மாதம் இப்படியே தூக்கிக்கொண்டு திரிந்தால், அங்கே போய் அந்த மஞ்சள் பாதத்தின் மேல் நிற்கும்போது அவளுக்குள் என்ன இருக்கும்? வண்டி மோதாமல் தப்பிய குழந்தையை நான் பயத்தின் கையில் கொடுத்துவிடுவேனா என்று கேட்டாள். எனக்கோ மணிக்கட்டை விடத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சாலைப் பாதுகாப்பு நாள் கொண்டாடுகிறார்கள். கயலின் வகுப்பு ஆசிரியை, அவள் போலீஸ் கையால் சான்றிதழ் வாங்கியவள் என்று தெரிந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பா இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்றார். என் மகளை ஆட்டோவில் அழைத்துப் போகும் நான், சாலையில் நடப்பது பற்றிப் பேச வேண்டும். மறுக்க வழியில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அட்டையில் பலகைகளை வெட்டி வண்ணம் அடித்தேன். கயல் பக்கத்தில் உட்கார்ந்து ஓரங்களைச் சரிபார்த்தாள். முக்கோணத்தின் சிவப்பு போதாது என்றாள். பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முதலில் வரிக்குதிரைக் கோட்டைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். சிக்னல் விழுந்தால் அப்பா அதன்மேல்தான் பைக்கை நிறுத்துவார் என்றான் ஒருவன். ஹாரன் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டதைக் காட்டினேன். அது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள் என்றாள் ஒரு சிறுமி. நுழையாதே என்ற சிவப்பு வட்டத்துக்கு, அங்கே மூலையில் போலீஸ் அங்கிள் மறைந்து நிற்பார், தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பதில் வந்தது. ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ பிள்ளைகள் எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. அவர்கள் சாலையைப் பார்த்துப் படித்தவர்கள், நான் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தைப் படித்தவன்.

அப்போது பின் வரிசையில் கயல் கை தூக்கினாள். சொந்த அப்பாவிடம் கேட்பதுபோல் அல்லாமல், வந்திருக்கும் விருந்தினரிடம் கேட்பதுபோல் கேட்டாள்: “நாம வண்டிக்காரரப் பாத்தா, அவர் நிப்பாரா, வருவாரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே சேர்ந்து, “வருவாரு” என்றது. எந்தப் பாட்டையும் இவ்வளவு ஒற்றுமையாகப் பாடியிருக்க மாட்டார்கள்.

கயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிஃபர் என்ற பெண் எழுந்தாள். சாந்தோமில் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் வீடு. தினமும் பெரிய சாலையைக் கடந்து பஸ் ஏறி வருகிறவள். என்னைப் பொருட்படுத்தாமல் கயலைப் பார்த்துச் சொன்னாள்: “ஐய, மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்குற? மூஞ்சி சும்மா பாத்துகினுதான் இருக்கும். வீல பாரு. வீலு நின்னாதான் போவணும்.” பிறகு இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி நடந்து காட்டினாள். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது, கையை நீட்டி உள்ளங்கையை விரிப்பது, ஓடாமல் ஒரே வேகத்தில் நடப்பது. வகுப்பு கை தட்டியது. என் அப்பாவின் அதே கை, பச்சை ரிப்பன் கட்டிய ஏழு வயதுப் பெண்ணிடம் இருந்தது. அதில் அவள் சேர்த்திருந்த சக்கரம் அப்பாவிடமும் இல்லை, ஃப்ரௌ ஹோல்ட்ஸிடமும் இல்லை. நான் மீதி அட்டைகளைக் காட்டாமலே பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை திரும்பும்போது ஆட்டோ பிடிக்கவில்லை. நானாக முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. கயல் பள்ளி வாசலில் நின்ற ஆட்டோக்களைக் கடந்து நடந்துபோனாள், நான் பின்னால் போனேன். அடுத்த சில வாரங்களில் மணிக்கட்டு கையானது, கை ஒரு விரலானது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் வருகிற போகிற வண்டிகளின் சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்போம். நிற்கப்போகும் சக்கரம் எது, நிற்பதுபோல் நடிக்கும் சக்கரம் எது என்று அவள் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்வாள். எனக்கு ஆறுதான் வரும். வாசலுக்கு வந்த மாமி, நாங்கள் இருவரும் குனிந்தபடி நிற்பதைப் பார்த்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கூடவே தேட ஆரம்பித்தார். எந்த நாட்டிலும் என் பக்கத்து வீட்டுக்காரர்களின் தலைவிதி இதுதான் போலிருக்கிறது.

கார்த்திகைத் தூறல் நின்ற ஒரு காலையில், அதே அழிந்த கோடுகளின் முன்னால், கயல் என் விரலை விட்டாள். நான் இங்கேயே நிற்கவா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வலது பக்கமிருந்து வந்தது, நம்பினால் நம்புங்கள், கேன்கள் கட்டிய மொபெட். குமார் எங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். சாலையின் நடுவில் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இன்ஜினையும் அணைத்துவிட்டார். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “இன்னா நைனா, ஊட்டாண்ட வந்துட்டன்னு நென்ச்சிகினியா?” என்று கேட்டார். குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ போம்மா. வீலு நிக்கிது பாரு,” என்றார். வீல் கதையை அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கயலாகத்தான் இருக்க வேண்டும், அவர்தான் எங்கள் தெருவுக்கும் கேன் போடுகிறவர். கயல் குனிந்து பார்த்தாள், வலது கையை நீட்டினாள், நடந்தாள். ஆட்டோவின் சக்கரத்தையும் அதற்கு அடுத்த பஸ்ஸின் சக்கரத்தையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டே போனாள். அக்கரையில் திரும்பி நின்று, இப்போது நீ வா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் கடப்பதற்கு இன்னும் வெகுநேரம் ஆயிற்று. குமார் போன பிறகும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரலில் திரும்பிவிட்டோம். சான்றிதழ் பழைய கட்டிலுக்கு மேலே பழைய இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் நாள் அவள் தனியாகக் கிளம்பினாள். நான் லிண்டன் மரத்துக்குப் பின்னால் இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை. பிரேக் சத்தம் எங்கே கேட்டாலும் இன்னமும் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறது, இங்கே யாரும் அவ்வளவு சத்தமாகப் பிரேக் போடாவிட்டாலும். கயல் மஞ்சள் பாதங்களின் மேல் நின்றாள். அவளுடைய ஷூ இப்போது அவற்றைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கார் வந்து, தேவைக்கு மேல் தள்ளியே நின்றது. உள்ளேயிருந்த பெண்மணி அவள் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து, போகலாம் என்று தலையசைத்தார். கயல் அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அவசரமில்லாமல் நடந்தாள். நீட்டியது இடது கை. இங்கே வண்டி அந்தப் பக்கமிருந்துதானே வரும். அந்த மாற்றத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. காரிலிருந்த பெண்மணி ஒரு கணம் குழம்பிவிட்டு, தானும் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடி வழியாக அவளுக்குக் காட்டினார். காலை வணக்கம் என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பின்னால் யாரோ மெல்லச் செருமினார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர். பூனை மறுபடியும் தொலைந்துவிட்டதா என்று கவலையோடு கேட்டார். இல்லை, சாலையைக் கடந்துவிட்டது என்றேன். அவர் திருப்தியோடு தலையாட்டினார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி என் கைகளில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கை, என் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.